ஓட்டை விழுந்த இன்ஜினும் கழற்றிவிட்ட மஞ்சள் ஒயரும்

கேள்வி:

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்ட வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில், வண்டியில் மாட்டி இழுத்துப் போகும் சின்ன சாமில் (மரம் அறுக்கும் மில்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பட்டை ரம்பம், ஹோண்டா ஜிஎக்ஸ் 390 பெட்ரோல் இன்ஜின். மறுநடவுக்குச் சாய்க்கும் பால்மரம் (ரப்பர் மரம்), வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பலா, டுரியான் எல்லாம் கூலிக்கு அறுத்துக் கொடுக்கிறோம். நானும் மகனும்தான் ஆட்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை இருக்கும்.

பத்து நாளைக்கு முன்னால் சரிவான ஒரு பால்மரக் காட்டில் அறுத்துக்கொண்டிருந்தபோது இன்ஜினுக்குள் ‘டக் டக்’ என்று அடித்தது. மகன் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பெரிய சத்தத்தோடு தானாகவே நின்றுவிட்டது. இன்ஜினின் பக்கச் சுவரில் ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை. ஆயில் முழுவதும் தரையில். அதற்கு இரண்டு வாரம் முன்பு இன்ஜின் அடிக்கடி தானாக நின்றுகொண்டிருந்தது. மகன் போமனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) கொண்டுபோனான். அவர் ஒரு மஞ்சள் ஒயரைக் கழற்றிவிட்டார். அப்புறம் நிற்கவில்லை. கொஞ்ச காலமாக நீலப் புகையும் வந்துகொண்டிருந்தது.

ஓட்டையை வெல்டிங் வைத்து, ராட், பிஸ்டன் மாற்ற 750 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார் போமன். ஈப்போ கடையில் சீனா இன்ஜின் 950 வெள்ளி, அசல் 3,000க்கு மேல் என்றார்கள். நண்பர் ஒருவர் தன்னிடமுள்ள பழைய டீசல் இன்ஜினைத் தருகிறேன் என்கிறார். அறுக்க ஒப்புக்கொண்ட 60 கட்டைகள் அங்கேயே கிடக்கின்றன. மில்லை விற்றுவிடச் சொல்கிறார் மனைவி. தன்னால்தான் இப்படி ஆனது என்று மகன் சரியாகப் பேசுவதுகூட இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் ஐயா. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் வேண்டாம். டீசலும் வேண்டாம். இப்போதைக்கு அந்த 950 வெள்ளி இன்ஜினையே வாங்குங்கள். ஆனால் இன்றைக்கே ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டாம். பழைய இன்ஜினை எது கொன்றது என்று மில்லின் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு போங்கள். இல்லாவிட்டால் புது இன்ஜினும் ஒரு வருஷத்துக்குள் அதே பக்கத்தில் ஓட்டை விழுந்து நிற்கும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் காரணம் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

இந்த வகைச் சின்ன இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ராட் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் அந்தக் கரண்டி ஆயிலில் முங்கி, அதை மேலே வாரி அடிக்கும். உள்ளே இருக்கும் எல்லாச் சாமான்களுக்கும் அந்தத் தெறிப்புதான் ஆயில். உங்கள் இன்ஜின் பிடிக்கும் ஆயில் மொத்தமே 1.1 லிட்டர். இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஆயில் அந்தப் பக்க மூலையில் போய்த் தேங்கும். கரண்டி வெறும் காற்றை அள்ளும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தோட்டத்து ஃபேக்டரியில் லிஸ்டர் டீசல் இன்ஜின்கள் ஓடின. பெரிய சக்கரம் வைத்த பழைய லிஸ்டர் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். ஏதாவது தவறு நடந்தால் சத்தம் மாறும். நாம் டீயை வைத்துவிட்டு நடந்துபோய் நிறுத்தலாம். உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்று. வினாடிக்கு 60. அந்த அலுமினிய ராடுக்கும் அது சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் தனி பேரிங் எதுவும் இல்லை. ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். அது போனால் அலுமினியம் இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், ராட் முறியும், முறிந்த நுனி சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். உங்கள் மகன் கேட்ட ‘டக் டக்’ சத்தத்தின் போதே ராட் முடிந்துபோயிருக்கும். அவன் இன்னும் வேகமாக ஓடியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. இதை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி மஞ்சள் ஒயர். ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்திவிட, ஆயில் தேங்கும் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் ஒரு மிதவை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வெளியே வரும் ஒயர்தான் அது. இன்ஜின் அடிக்கடி தானாக நின்றதென்றால் மூன்று காரணம் இருக்கலாம்: ஆயில் குறைவு, இன்ஜின் சாய்வு, அல்லது மிதவையே கெட்டுப்போனது. எது என்று கண்டுபிடிக்க அந்த ஒயரைக் கழற்றிப் பார்ப்பது சரியான முறைதான். நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் இன்ஜினைச் சமதரையில் வைத்து, ஆயிலை முழு அளவுக்கு நிரப்பிவிட்டு, ஐந்து நிமிடப் பரிசோதனையாகச் செய்ய வேண்டும். அதையே நிரந்தர வைத்தியமாக விட்டதுதான் தவறு. இன்ஜின் நின்று நின்று ‘ஆயில் இல்லை, ஆயில் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். உங்கள் மகன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். அது சரியான காரியம். ஒயரைக் கழற்றியவர் அப்புறம் ஆயில் அளவைப் பார்த்தாரா, மில் எந்த மாதிரி இடத்தில் நின்று ஓடுகிறது என்று கேட்டாரா? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது தொழில் தெரிந்தவர்தான், பையன் இல்லை.

ஆயில் ஏன் குறைந்தது? அந்த நீலப் புகைதான் பதில். பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் மேலே ஏறி எரிந்திருக்கிறது. ரிங் ஏன் தேய்ந்தது? மரத்தூள். ஏர் ஃபில்டரில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும், ஃபில்டரைச் சரியாக உட்கார வைக்காமல் மூடியிருந்தாலும், அந்தத் தூளோடு காட்டு மண்ணும் சேர்ந்து சிலிண்டருக்குள் போய் அரத்தைப் போல அறுக்கும். ஆக, நடந்தது இதுதான். தூள் ரிங்கைத் தின்றது, ரிங் ஆயிலைக் குடித்தது, குறைந்த ஆயில் சரிவில் ஒரு பக்கமாக ஓடியது, இன்ஜின் நின்று நின்று எச்சரித்தது, ஒயர் போனது, ராட் போனது. இதில் எந்த இடத்திலாவது ஒருவர் நிறுத்திக் கேட்டிருந்தால் உங்களுக்கு அரை நாள் வேலையும் ஒரு ரிங் செட்டும்தான் செலவு.

சரிவு பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மரம் அறுக்கிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. மில்லின் தண்டவாளம் சாய்ந்திருந்தாலும் பலகை நேராகத்தான் வரும். கட்டையும் ரம்பமும் சேர்ந்தே சாய்ந்திருப்பதால் வெட்டில் ஒரு குறையும் தெரியாது. பலகை நன்றாக வருகிறதே என்று நாம் பாட்டுக்கு அறுத்துக்கொண்டே இருப்போம். கஷ்டப்படுவது இன்ஜின் மட்டும். ஹோண்டா இந்த இன்ஜினுக்குச் சொல்லும் எல்லை 20 டிகிரி. ஒரு மீட்டர் தூரத்துக்கு 36 சென்டிமீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அவ்வளவு சரிவில் நாங்கள் வைக்கவில்லையே’ என்பீர்கள். அந்தக் கணக்கு ஆயில் முழுதாக இருக்கும்போதுதான். பாதி ஆயிலோடு ஓடும் இன்ஜினுக்கு அதில் பாதிச் சரிவே ஆபத்து. ஒரு ரசமட்டம் வாங்கி மில்லோடு கட்டி வையுங்கள். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, சக்கைக் கட்டைகளை அடியில் கொடுத்துச் சமன் செய்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். பால்மரக் காடுகள் பெரும்பாலும் மேடும் பள்ளமும்தான். வழித்தடம் ஓரமாக ஒரு சமமான இடம் பார்த்து, கட்டைகளை அங்கே இழுத்து வந்து அறுப்பது இன்னும் நல்லது.

வெல்டிங் ஏன் வேண்டாம் என்கிறேன்? கிராங்க் கேஸ் அச்சில் வார்த்த அலுமினியம். வருஷக்கணக்கில் ஆயில் ஊறியது. எவ்வளவு கழுவினாலும் சூடு பட்டவுடன் உள்ளே இருந்து ஆயில் கசிந்து, வெல்டிங்கில் ஊசித் துளைகள் விழும். அது கசிவோடு போய்விடும், பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் சூடு. ஓட்டை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் உட்காரும் துளை இருக்கிறது, கொஞ்சம் தள்ளிக் கிராங்க் பேரிங் இருக்கிறது. சுவர் இழுத்துக்கொண்டால் அந்தத் துளைகள் நேர்கோட்டிலிருந்து விலகும். கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் ஸ்டார்ட்டும் ஆகும். போமன் முன்னால் அரை மணி நேரம் ஓடிக் காட்டும். பிறகு காட்டில் நிற்கும்.

நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். மருந்து அடிக்கும் பம்பு இன்ஜின் ஒன்று இதே போல் ஓட்டை விழுந்து வந்தது. புது இன்ஜினுக்கு அனுமதி வர நாளாகும் என்றார்கள். நான் இளம் வயது, என்னால் முடியும் என்ற நினைப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து வெல்டிங் வைத்து, அரம் போட்டு, புது ராட் மாட்டிக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது வாரம் கேம் ஷாஃப்ட் கடித்துப் பிடித்து, புது ராடும் சேர்ந்து போனது. அந்த இன்ஜினை இழுத்துக்கொண்டு மலை ஏறியிறங்கிய தொழிலாளிகளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து பேரிங் பக்கத்துச் சுவர் உடைந்த இன்ஜினுக்கு நான் வெல்டிங் சொல்வதில்லை. போல்ட் மாட்டும் காது உடைந்தது, வெளி விளிம்பில் விரிசல் விட்டது என்றால் தாராளமாக வெல்டிங் வைக்கலாம்.

உங்கள் விஷயத்தில் சுவரை மட்டும் அடைத்தாலும் கதை முடியாது. ரிங் தேய்ந்த சிலிண்டர் இருக்கிறது. அலுமினியம் ஒட்டிய கிராங்க் இருக்கிறது. அதைக் காஸ்டிக் சோடா தடவி எடுக்கலாம், அலுமினியம் கரைந்துவிடும், இரும்பு தங்கும். ஆனால் எடுத்த பிறகு மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, கோடு விழாமல் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 750 வெள்ளியில் இதெல்லாம் அடங்குமா என்று போமனிடம் கேளுங்கள். அடங்காது. கூட 200 போட்டால் புது இன்ஜினே வரும்போது இந்த வேலையில் அர்த்தமில்லை. ஓட்டை விழாமல் வெறும் நீலப் புகையோடு வந்திருந்தீர்கள் என்றால் நானே பழுது பார்க்கச் சொல்லியிருப்பேன். அசல் ஹோண்டாவின் சிலிண்டருக்குள் இரும்பு உறை இருக்கிறது. ரிங், வால்வு வேலை செய்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

டீசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் இன்ஜினின் எடை ஏறக்குறைய 31 கிலோ. பத்து எச்.பி. காற்றில் ஆறும் டீசல் 50 கிலோவை நெருங்கும், அதிர்வும் அதிகம். ரம்பத் தலையோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும் இன்ஜின் இது. தூக்கி இறக்கும் சங்கிலி, வின்ச், சக்கரம் எல்லாம் அந்த எடைக்குச் செய்தவை அல்ல. சுற்று வேகமும் மாறும். டீசலை 3,000 சுற்றில் ஓட்டினால், ரம்பம் பழைய வேகத்தில் ஓட இன்ஜின் பக்கத்துப் புல்லியை அந்த அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். இப்போது 5 அங்குலம் இருந்தால் 6 அங்குலம். டீசல் மலிவு என்ற கணக்கும் பழைய கணக்காகிவிட்டது. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசலுக்கு எல்லோருக்குமான மானியம் எடுபட்டுவிட்டது. நண்பரின் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, தண்ணீர் இறைக்க வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கரண்டு மோட்டாரை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் யாராவது சொல்வார்கள். ஒரே இடத்தில் நிற்கும் மில்லுக்கு, மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால், அதைவிட நல்லது இல்லை. காட்டுக்குக் காடு போகும் உங்களுக்கு அது ஆகாது.

சரி, அசலா சீனாவா? தினமும் அறுக்கும் ஆளாக இருந்தால் அசலையே வாங்கச் சொல்வேன், கடன் பட்டாவது. நீங்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் அறுக்கிறீர்கள். கையில் பணம் இறுக்கம். கட்டைகள் காத்துக் கிடக்கின்றன. அதனால்தான் 950 வெள்ளி இன்ஜினைச் சொல்கிறேன். 188 எஃப் என்று விற்கும் அந்த இன்ஜின், உங்கள் ஹோண்டாவைப் போலவே 389 சி.சி., அதே அமைப்பு. அடிப்போல்ட் துளைகளும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். பழைய ஹோண்டாவின் கார்புரேட்டர், காயில், கயிற்று ஸ்டார்ட்டர், பெட்ரோல் தொட்டி எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து ஒரு பெட்டியில் வையுங்கள். பல சாமான்கள் இதற்குப் பொருந்தும். சீனா இன்ஜினில் உலோகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. கவனிக்காமல் முறுக்கிய போல்ட்டும் மட்டமான கார்புரேட்டரும்தான் தகராறு செய்கின்றன. ஸ்டிக்கரில் 15 எச்.பி. என்று போட்ட 420 சி.சி. இன்ஜினைக் கடைக்காரர் காட்டுவார். தேவையில்லை. ஹோண்டா உங்கள் பழைய இன்ஜினுக்கே 11.7 எச்.பி. என்றுதான் போடுகிறது. அதை வைத்துத்தானே இவ்வளவு நாள் அறுத்தீர்கள்? சக்தி போதவில்லை என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

கடையில் ஏமாறக்கூடிய இடம் ஷாஃப்ட். அதே இன்ஜினைத் தண்ணீர் பம்புக்கு மரையோடும், ஜெனரேட்டருக்குக் கூம்பு வடிவத்திலும், மற்ற வேலைகளுக்குக் கியர் பெட்டியோடும் விற்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு டேங்க். உங்களுக்கு வேண்டியது நேரான, கீ (புல்லி வழுக்காமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) வைத்த ஷாஃப்ட். அதிலும் இரண்டு அளவு உண்டு. ஒன்று 25 மி.மீ., மற்றது ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. இந்த 0.4 மி.மீ. வித்தியாசத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஒரு அங்குலத் துளை போட்ட புல்லியை 25 ஷாஃப்ட்டில் மாட்டி, ஆடாமல் இருக்க மைலோ டின்னை வெட்டி நடுவில் சொருகியதை நானே கழற்றியிருக்கிறேன். கீ வெட்டுப்பட்டு, ஷாஃப்ட்டும் தின்னப்பட்டிருந்தது. பழைய ஷாஃப்ட்டை வெர்னியர் வைத்து அளந்து, கீயின் அகலத்தையும் நீளத்தையும் தாளில் எழுதி, புல்லியையும் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே மாட்டிப் பாருங்கள். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், ஏறிய பிறகு ஆடக்கூடாது. உங்கள் மில்லின் ஆக்ஸிலேட்டர் கேபிள் மாட்டும் கொக்கி புது இன்ஜினில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில இன்ஜின்களில் அது இருக்காது.

இன்ஜின் இறங்கியிருக்கும் இந்த நாட்களில் இன்னொரு வேலை இருக்கிறது. இதை நீங்களும் மகனும் சேர்ந்து செய்யுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ரம்பச் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் நீண்ட நேரம் சுற்றினால் நல்லது. கரகர என்றாலோ, சட்டென்று நின்றாலோ பேரிங் போயிருக்கிறது. அந்தப் பாரத்தையும் இவ்வளவு நாள் இன்ஜின்தான் இழுத்திருக்கும். அப்புறம் பெல்ட். நிறைய பேர் நழுவுகிறது என்று இழுத்து இழுத்து முறுக்குகிறார்கள். ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருந்தால் இன்ஜினின் பேரிங்கும் ஆயில் சீலும் போகும். பெல்ட் நழுவினால் முதலில் ரம்பம் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பால்மரத்தில் ரம்பம் மழுங்க இன்னொரு காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் வழிய அடித்த தகடு, கோப்பை தொங்கவிட்ட கம்பி. மரம் வளர வளரப் பட்டை அதை மூடிக்கொள்ளும். வெட்டு விழுந்த பக்கத்தைச் சுத்தியலால் தட்டி, கண்ணால் தேடி, கம்பியைப் பிடுங்கிவிட்டு மில்லில் ஏற்றுங்கள். காந்தம் ஒன்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். ஒரு கம்பி பட்டால் அந்த ரம்பம் மழுங்கும். மழுங்கிய ரம்பத்தோடு நாம் இன்ஜினை அழுத்தித் தள்ளுவோம். இன்ஜின் கொதிக்கும்.

கொதிப்பு என்றதும் தூளுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. காற்றில் ஆறும் இன்ஜினுக்கு ரேடியேட்டர் என்பது சிலிண்டரைச் சுற்றியிருக்கும் அந்தத் தகட்டு மடிப்புகள்தான். அவற்றின் மேல் ஒரு உறை மூடியிருக்கும். பால்மரத் தூளில் பாலின் பிசுக்கு இருப்பதால் அது உறைக்குள் போய் அப்பம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெளியே துடைத்துவிட்டு இன்ஜின் சுத்தமாக இருக்கிறது என்று நினைப்போம். இப்போது பழைய இன்ஜினின் உறையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தூள் அடைந்திருந்தால் மகனுக்கும் காட்டுங்கள். புது இன்ஜினில் வாரம் ஒருமுறை அந்த உறையைக் கழற்றி, உள்ளிருந்து வெளியே ஊதித் தள்ள வேண்டும். தூள் துப்பும் வாயை இன்ஜினுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு ரப்பர் விரிப்பைத் தொங்கவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டுங்கள். நுரைப் பகுதியைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, ரெண்டு சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். காகிதப் பகுதியைக் கழுவாதீர்கள். நைந்திருந்தால் புதிது போடுங்கள். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டை விடப் பெரிதாக வராது.

புது இன்ஜின் வந்ததும் உடனே கட்டையில் வைக்காதீர்கள். கடையிலிருந்து வரும்போது உள்ளே ஆயில் இருக்காது, நீங்கள்தான் ஊற்ற வேண்டும். சமதரையில் வைத்து, ஆயில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்புங்கள். அளவுக் குச்சியைப் பார்க்கும்போது அதைத் திருகாமல், சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் ஆயில் கூடுதலாக இருப்பது போல் காட்டும். எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். முதல் நாள் பெரிய கட்டை வேண்டாம், சின்னக் கட்டைகளாக, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். முதல் ஆயிலை ஹோண்டா 20 மணி நேரத்தில் மாற்றச் சொல்கிறது. சீனா இன்ஜினில் நான் 5 மணி நேரத்திலேயே மாற்றிவிடுவேன். அந்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள், மினுமினுவென்று தூள் மிதக்கும். அதன் பிறகு 20 மணி நேரத்தில் ஒருமுறை. அப்புறம் புத்தகம் 100 மணி நேரம் என்கிறது. மரத்தூளிலேயே வாழும் இன்ஜினுக்கு 50 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மணி நேர ஆயில் மாற்றும்போதே, இன்ஜின் குளிர்ந்திருக்கையில், வால்வு இடைவெளியும் பாருங்கள். உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.15 மி.மீ., புகை வால்வுக்கு 0.20 மி.மீ. இதை உங்கள் மகனே கற்றுக்கொள்ளலாம், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் ஆயில் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். அதை அவன் பொறுப்பிலேயே விடுங்கள்.

வேகத் திருகை யாரும் தொடக்கூடாது. ரம்பம் இன்னும் விரைவாக ஓடட்டும் என்று அதைத் திருப்பி, 3,600க்கு மேல் போய் ராட் முறித்துக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்து, கிடக்கும் 60 கட்டைகள். இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். பால்மரத்தில் மாவுச் சத்து அதிகம். வெட்டிச் சில நாளிலேயே நீலப் பூசணம் உள்ளே இறங்கும், வண்டும் துளைக்கும். அதனால்தான் பல காலம் இதை அடுப்புக்கும் சூளைக்கும் மட்டுமே பயன்படுத்தினார்கள். பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருந்த மலாயவாத்தா இரும்பு ஆலையில் இரும்பு உருக்கியதே பால்மரக் கரியில்தான். அறுத்த உடனே போரான் மருந்தில் ஊறவைத்து, சூளையில் காயவைக்கும் முறை வந்த பிறகுதான் மேசை நாற்காலிக்கு ஆனது. பத்து நாளுக்கு மேலாகக் கிடக்கும் உங்கள் கட்டைகளில் பூசணம் இறங்கியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்துக்காரரிடம் போய், மேசை நாற்காலிப் பலகைக்கு இனி ஆகாது, சரக்கு அடுக்கும் பேலட்டுக்கும் கான்கிரீட் அடைப்புப் பலகைக்கும் ஆகும் என்று சொல்லி, கூலியைக் குறைத்துப் பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்து ஊரில் மில் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, அந்தக் கூலியை அவருக்கே கொடுத்து அறுத்து முடித்துவிடுங்கள். இந்த ஒரு வேலையில் காசு போனால் போகட்டும். அடுத்த வேலைக்கு அவர் உங்களைத்தான் கூப்பிட வேண்டும்.

உங்கள் மனைவி சொல்வதையும் நான் தள்ளவில்லை. வருமானம் நின்றுபோன வீட்டில் அவர் கவலை நியாயம். ஆனால் இன்ஜின் இல்லாத மில்லை விற்கப் போனால் பழைய இரும்பு விலைதான் கேட்பார்கள். ஓடும் மில்லாக ஆக்கிய பிறகும் விற்கத் தோன்றினால் விற்கலாம், போட்ட 950 வெள்ளி விலையிலேயே திரும்பி வரும். ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஆயில், ரம்பம், பெட்ரோல், உங்கள் இருவர் கூலி என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், மில் உங்களுக்குச் சோறு போடுகிறதா இல்லையா என்று அந்த நோட்டு காட்டிவிடும். மூவரும் உட்கார்ந்து பார்த்து முடிவு எடுங்கள். மீதி நின்றால் அசல் இன்ஜினுக்கு மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அது வந்த பிறகு சீனா இன்ஜினை மாற்றாக வண்டியில் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன் பழைய ஷாஃப்ட்டின் விட்டம், கீயின் அளவு, நான்கு அடிப்போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் ஆகிய மூன்றையும் எழுதி, உறை கழற்றிய படம் ஒன்றோடு எனக்கு அனுப்புங்கள். மகனையே அளந்து எழுதச் சொல்லுங்கள். பார்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பணம் கொடுக்கலாம்.